"உடம்புக்கு ஏலாது" என்பதற்குள் ஒளிந்திருக்கும் நோய்



சென்ற மாதம் இப்பகுதியில் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த கிளிநொச்சிச் சகோதரி ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர் அவர். எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒருத்தி அழுவதும், சாப்பாடு இறங்காமல் கிடப்பதும் இயற்கைதானே என்று கேட்கிறார். அதற்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டி மாத்திரை கொடுத்து அனுப்பினால், எங்களுக்கு நடந்த அநியாயம் மறைந்துபோகாதா என்றும் கேட்கிறார்.

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம். அதனால் இம்மாதம் எழுத நினைத்திருந்த விடயத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் வேலை செய்வது ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில். இங்கே கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் காலில் படுவதுண்டு. கத்தி பட்டதற்குக் காரணம் இருக்கும். காலுக்குப் பாதுகாப்பு எதுவும் கொடுக்காமல் வேலைக்கு அனுப்பியிருக்கலாம், மழையில் வழுக்கும் மலையில் நிறுத்தியிருக்கலாம். அதற்காக நட்டஈடு கேட்க வேண்டும், கேட்பது உரிமை. ஆனால் காலில் இருக்கும் புண் சீழ் வைத்தால் அதற்கு மருந்து கட்டத்தான் வேண்டும். மருந்து கட்டிக்கொண்டதால் நட்டஈட்டு உரிமை போய்விடாது. காரணம் இருக்கிறது என்பதற்காகப் புண் புண்ணாக இல்லாமலும் போகாது. மனச்சோர்வு நோயும் அப்படித்தான். யுத்தம் காரணமாக வந்தாலும், வறுமையால் வந்தாலும், குடிகாரக் கணவனால் வந்தாலும், எந்தக் காரணமும் தெரியாமல் வந்தாலும், வந்த பின் அது உடம்பையும் மனதையும் தாக்கும் ஒரு நோய். நீதி கேட்டு வீதியில் நிற்பதற்கும் ஒருத்திக்கு நித்திரையும் சாப்பாடும் தேவை.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் இந்த நோயை "மன அழுத்தம்" என்று சொல்கிறார்கள். இலங்கையில் நாம் மன அழுத்தம் என்பது வேறு. சீட்டுக் காசு கட்டவேண்டிய நாள் நெருங்கும்போது மனதில் ஏறும் பாரம் மன அழுத்தம். காசு கட்டியதும் அது இறங்கிவிடும். ஆங்கிலத்தில் டிப்ரெஷன் என்று சொல்லப்படும் நோய்க்கு நம் மருத்துவர்கள் வழங்கும் பெயர் மனச்சோர்வு. ஆனால் இந்தச் சொல்லும் தோட்டத்தில் அவ்வளவாக எடுபடுவதில்லை. நாள் முழுக்கக் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்தவளிடம் சோர்வாக இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பாள்.

இங்கு பெண்கள் சொல்வது "ஏலாது" என்ற ஒரே சொல். "ஒடம்புக்கு ஏலாது மிஸ்." தலை இடிக்கிறது, முதுகு கடுக்கிறது, கை கால் விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, ஒரே யோசனையாக இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலும் விற்றமினும் கிடைக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே ஏலாமை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சகோதரிகளுக்கும் இது தெரிந்த கதைதான். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1990களிலேயே "மனவடு" என்ற நூலைத் தமிழில் எழுதியவர். நம் மக்கள் மனதின் வேதனையை உடம்பின் வழியே சொல்வதைத் தம் எழுத்துகளில் அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். இதில் நடிப்பு எதுவும் கிடையாது. நித்திரையில்லாத உடம்பு உண்மையாகவே வலிக்கும். மனச்சோர்வு வந்தவருக்கு வலி கூடுதலாகத் தெரியும் என்பதை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

யுத்தம் வடக்கு கிழக்கில்தானே நடந்தது, மலையகத்தில் ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பவர்களும் உண்டு. 1977இலும் 1983இலும் இங்குள்ள லயங்களில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். காடு வெட்டிக் குடிசை போட்ட அதே இடத்தில்தான் பிறகு ஷெல் விழுந்தது. 2009க்குப் பின் மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தவர்களில் சிலர், உறவு இருக்கிற இடம் என்று பழைய தோட்டங்களுக்கே திரும்பி வந்தார்கள். அப்படி வந்த ஓர் அக்காவின் கதையை, அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

ஷெல்லில் கணவர் போய்விட்டார். கையில் சிறு பெண்பிள்ளை. அண்ணனின் லயத்துக் காம்பராவில் ஒரு மூலையில் ஒதுங்கி, கைக்காசுக்குக் கொழுந்து பறித்து மகளை வளர்த்தார். பல வருடம் ஓடிவிட்டது. மகள் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகுதான் அக்கா படுத்தார். விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதன்பின் தூக்கம் கிடையாது. வேலைக்குப் போன நாட்களிலும் கிலோ குறைந்து அரைப் பேர்தான் விழுந்தது. பிறகு போவதையே நிறுத்திவிட்டார். பீலிக்குப் போய்க் குளிக்க மனம் வரவில்லை. மகள் போன் எடுத்தால் பேசப் பிடிக்கவில்லை. அண்ணி சோம்பேறி என்றார். பக்கத்து லயத்துக்காரர்கள், அத்தனை சாவைப் பார்த்தபோது வராத கவலை இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அண்ணன் நல்லவர். கோடாங்கி ஒருவரைக் கூட்டிவந்து உடுக்கடித்துப் பார்த்தார், நூல் கட்டினார், கோழியும் அறுத்தார்.

கோடாங்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாரியம்மன் கோயிலில் திருநீறு போட்டுக்கொண்டால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கிறதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோடாங்கிக்கு மூன்று மாதம் கொடுப்பவர்கள் டொக்டருக்கு மூன்று வாரம் கொடுப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அக்கா சோம்பேறியுமல்ல, பேய் பிடித்தவருமல்ல. அவருக்கு இருந்தது நோய்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நீரிழிவுக்கு இரத்தத்தில் சீனி பார்க்கலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கலாம். மனச்சோர்வைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ உலகத்தில் எங்கும் கிடையாது. மருத்துவரிடம் இருக்கும் கருவி கேள்விதான். நம்மிடம் இருப்பது பதில். அதனால் மற்ற நோய்களை விட இந்த நோயில் நாம் சொல்கிற விதத்துக்கு மதிப்பு அதிகம்.

மருத்துவர்கள் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய ஒரே அடையாளங்களைத் தேடுகிறார்கள். முதன்மையானவை இரண்டு. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கவிந்து கிடப்பது ஒன்று. முன்பு பிடித்திருந்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லாமல் போவது மற்றொன்று. இவற்றோடு நித்திரை குறைவது அல்லது மிதமிஞ்சி வருவது, பசியும் உடம்பின் எடையும் மாறுவது, உடம்பில் பலமே இல்லாமை, பேச்சும் நடையும் மற்றவர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, மனதை ஒன்றில் நிறுத்த முடியாமை, தன்னை ஒன்றுக்கும் உதவாதவள், குற்றவாளி என்று எண்ணுவது, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். இந்த ஒன்பதில் ஐந்தாவது இருக்க வேண்டும், அந்த ஐந்தில் முதன்மையான இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், இரண்டு வாரமாவது தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் வைத்திருக்கும் அளவு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதை ஒட்டியதே. அது நம்பிக்கையிழப்பையும் சேர்த்துப் பத்தாக எண்ணுகிறது.

இவற்றை விட முக்கியமாக நான் கருதுவது இன்னொன்று. இதனால் அன்றாட வாழ்க்கை நின்றுபோயிருக்கிறதா? வேலைக்குப் போக, சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, நாலு பேரோடு பேச முடிகிறதா? அக்காவின் விடயத்தில் அரைப் பேரே ஒரு அளவுகோல். முன்பு கிலோ குறையாதவளுக்குத் தொடர்ந்து குறைகிறது என்றால், திட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்கலாம். கங்காணிமார் இதைக் கவனித்தால் எவ்வளவோ நல்லது.

இனி, கிளிநொச்சிச் சகோதரி கேட்டதன் உள்கேள்விக்கு வருகிறேன். துக்கத்துக்கும் நோய்க்கும் எங்கே கோடு? மருத்துவர்களே இதில் நெடுநாள் விவாதித்திருக்கிறார்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கைநூல், ஒருவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் அவரைச் சார்ந்தவருக்கு இந்த அடையாளங்கள் இருந்தால் பொதுவாக அதைத் துக்கமாகவே எண்ண வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்தது. 2013இல் வந்த பதிப்பில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் இந்த நோய் வரலாம், சாவு நடந்தது என்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பது ஒரு தரப்பு. துக்கத்தை எல்லாம் நோயாக்குகிறார்கள் என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. நான் பார்த்தவரையில் ஒரு வேறுபாடு தெரிகிறது. துக்கம் அலைபோல வரும். இறந்தவரின் சட்டையைக் கண்டால், அவருக்குப் பிடித்த கறியை வைத்தால் பொங்கி வரும். இடையில் பேரப்பிள்ளை ஏதாவது சொன்னால் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இல்லை. பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் ஒன்றும் தோன்றாது. துக்கத்தில் "அவர் இல்லையே" என்று மனம் அழும். மனச்சோர்வில் "நான் ஏன் இருக்கிறேன்" என்று தன்னையே குற்றம் சாட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு இதுவும் பொருந்திவராது. சாவு வீடு நடக்கவில்லை, எட்டுச் செலவு இல்லை, திவசம் இல்லை, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை இத்தகைய முடிவு தெரியாத இழப்பைத் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அழவும் முடியாமல் ஆறவும் முடியாமல் மனம் நடுவில் மாட்டிக்கொள்வது, அந்தத் தாயின் பலவீனத்தால் அல்ல, இழப்பின் தன்மையால்தான் என்பது அவர் கருத்து. அந்தத் தாய்மார் எல்லோரையும் நோயாளிகள் என்று சொல்வது தவறு. அவர்களில் ஒருவருக்கு இந்த நோயும் வரலாம் என்பதை மறப்பதும் தவறு.

எத்தனை பேருக்கு வருகிறது? யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. 22.2 வீதமானவர்களிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடையே இது 41.8 வீதம். இடம்பெயர்ந்து இருந்தவர்களிடையே இந்த வேதனை எவ்வளவு அதிகம் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது கேள்வித் தாள் கொண்டு எடுத்த கணக்கு. அத்தனை பேரையும் மருத்துவர் இருத்திப் பேசி நோய் என்று முடிவு செய்த கணக்கு அல்ல. ஆண்களை விடப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அந்தக் கேள்வித் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் அதைக் கண்டதும் பெண்கள் பரீட்சைத் தாளைக் கண்டதுபோல் பயப்படுகிறார்கள். அதிகம் புழங்குவது பி.எச்.கியூ.-9 என்பது. 2001இல் வெளியானது. மேலே சொன்ன ஒன்பது அடையாளங்களும் ஒன்பது கேள்விகளாக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் இது இருந்ததா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். இருபதும் அதற்கு மேலும் என்றால் கடுமை. இங்கே புள்ளி கூடினால் பெருமையுமில்லை, குறைந்தால் தோல்வியுமில்லை. தாள் மட்டும் நோயைத் தீர்மானிக்காது. அது ஒரு சல்லடை. சல்லடையில் தங்கியதை மருத்துவர் கையில் எடுத்துப் பார்ப்பார். நிவாரணம் கிடைக்கும் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 3 சொல்பவர்களும் உண்டு, வெளியே தெரிந்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் 0 சொல்பவர்களும் உண்டு. இரண்டும் உங்களுக்குத்தான் நட்டம்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வேறு தாள். 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல், பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. இலங்கையில் பிரசவத்துக்குப் பின் தாய்மாரைப் பார்க்கும்போது இது பயன்படுகிறது. களைப்பா, உடம்பு வலியா என்று இந்தத் தாள் கேட்பதில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாய்க்குத்தான் களைப்பு இல்லை? அதனால் சிரிக்க முடிகிறதா, காரணமின்றிப் பயம் வருகிறதா, தன்னையே குற்றம் சொல்கிறாளா என்று மனதையே கேட்கிறது. மிட்வைப் அம்மா இந்தத் தாளை எடுத்தால் மாமியாரை ஒரு நிமிடம் அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தாளுக்குப் பின் மருத்துவர் பேசுவார். முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, இதற்கு மாறாக நித்திரையே தேவைப்படாமல் மிதமிஞ்சிய உற்சாகத்தோடு திரிந்த காலம் உண்டா, காதில் யாரும் பேசுவதுபோல் கேட்கிறதா, வீட்டில் அடி உதை உண்டா, குடிப்பீர்களா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். என்ன பைத்தியக்காரியிடம் கேட்பதுபோல் கேட்கிறாரே என்று கோபப்படாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து மாறும். உற்சாகம் மிதமிஞ்சிய காலம் இருந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், வழமையான மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அக்காவிடம் கேட்டபோதுதான், மெனிக் பாமில் இருந்த காலத்திலும் சில மாதங்கள் இதே போல் கிடந்தது வெளியே வந்தது. ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரக்கூடிய நோய் இது. மகள் பிரிந்துபோனதும் பழைய புண் திறந்துவிட்டது.

இரத்தமும் எடுப்பார்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அல்ல, அதைப்போல வேடமிடும் மற்ற நோய்களை ஒதுக்க. இரத்தச் சோகை இருந்தால் பலம் இருக்காது, மூச்சு வாங்கும். தைரொயிட் சுரப்பு குறைந்தால் உடம்பு பருத்து, மந்தமாகி, மனமும் சோரும். ரொட்டியும் தேத்தண்ணியுமாகக் காலத்தை ஓட்டும் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச் சோகை சாதாரணம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அப்போது இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும், மனதுக்கான மருந்தும் வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. கேட்பது உங்களுக்கு விளங்க வேண்டும், நீங்கள் சொல்வது அவருக்கு விளங்க வேண்டும். மலையக வைத்தியசாலைகளில் பல இடங்களில் டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சிங்களம் போதாது. அக்கா முதல் தடவை ஒரு வைத்தியசாலைக்குப் போனபோது அண்ணன் மகனைக் கூட்டிப் போனார். பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறான். நித்திரை, பசி எல்லாம் நன்றாகவே சொன்னான். பிறகு டொக்டர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். பையன் திரும்பி, "சாகணும்னு நெனப்பு வருதானு கேக்குறாரு அத்தை" என்றான். எந்த அத்தை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஆமாம் என்பாள்? இல்லை என்றார். இல்லை என்றே பதிவானது. கணவர் மொழிபெயர்த்தாலும் இதே கதைதான், அடிப்பவர் கணவராகவே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மனநலத்துக்காகப் போகும்போது பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸி இருக்கிறாரா என்று கேளுங்கள். அரச அலுவலகத்தில் தமிழில் பேசுவது சலுகை அல்ல, தமிழும் அரசகரும மொழி. மொழிபெயர்ப்பவரும் சுருக்காமல் சொல்ல வேண்டும். "ஒண்ணும் புடிக்கல, எல்லாம் விட்டுப் போச்சு" என்று அவள் சொன்னதை "கொஞ்சம் கவலையாம்" என்று சொன்னால் புள்ளியே மாறிவிடும். இரண்டாம் தடவை அக்கா அப்படிப் போனார். ஆமாம் என்றும் சொன்னார்.

அந்தக் கேள்வியைப் பற்றிச் சில வார்த்தை. சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகும் என்று பலர் பயந்து கேட்காமல் விடுகிறார்கள். உண்டாகாது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால் பொலிஸ் வரும் என்ற பயமும் இன்னும் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், தோட்டத்து மருந்து வகைகளை வீட்டில் வைக்காதீர்கள். 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த இந்த நாட்டில், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பின் பத்து வருடத்தில் அது ஏறத்தாழப் பாதியானது. நெருக்கடியான அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கே போகலாம். அங்கிருந்து மனநல கிளினிக்குக்கு அனுப்புவார்கள். 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைக்குப் பின், அங்கொடையிலேயே எல்லாம் என்ற நிலை மாறி, மாவட்டங்களில் மனநல வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. இங்கே "அங்கொடைக்கு ஏத்திருவாங்க" என்றும், யாழ்ப்பாணத்தில் "மந்திகைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்" என்றும் பயப்படுகிறோம். மனச்சோர்வுக்கு வைத்தியம் பெறுபவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளும் வார்டில் படுப்பதில்லை. கிளினிக் புத்தகத்தோடு போய் வருகிறார்கள், அவ்வளவுதான்.

நோய் இலேசாக இருந்தால் மருந்தில்லாமல், பேசித் தீர்க்கும் வைத்தியமே போதும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கடுமையாக இருந்தால் ஃபுளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, பதற்றம் வரலாம், அதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களில் பதற்றம் மிக அதிகமானால், சாவு நினைப்புக் கூடினால் உடனே டொக்டரிடம் போங்கள். சுகமான பின்பும் ஆறு மாதமாவது எடுக்கச் சொல்வார்கள், நன்றாகிவிட்டதே என்று தானாக நிறுத்தினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இவை நித்திரை மாத்திரை போல் அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல, ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்ததை வாங்கிப் போடவே கூடாது. அக்காவுக்கு மூன்றாம் வாரம் நித்திரை சரியானது, ஆறாம் வாரத்தில்தான் பீலிக்குத் தானாகப் போனார். பேர் இன்னும் அரையும் முழுதுமாகத்தான் விழுகிறது. அண்ணி இப்போது சோம்பேறி என்று சொல்வதில்லை, "மாத்திரை போட்டியா" என்று கேட்கிறார்.

போகும் முன் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதத் தெரியாவிட்டால் மகளிடம் சொல்லி எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை நேரம் சாப்பிட்டேன், இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனேன், முன்பு எத்தனை நாள் போவேன், எப்போதிருந்து இப்படி. சாவு நினைப்பு பற்றியதை மகளிடம் எழுதச் சொல்ல வேண்டாம், அதை டொக்டரிடம் நேரே சொல்லுங்கள். வெறுமனே "ஏலாது" என்று சொன்னால் பனடோல் கிடைக்கும். "ரெண்டு மாசமா விடியப்புறம் மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, மாசத்துல எட்டு நாள்தான் வேலைக்குப் போறேன்" என்று சொன்னால் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

வைத்தியசாலை தூரம், இரவு நேரம், கதைக்க ஆளில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. எந்த நேரமும் எடுப்பார்கள். எடுத்தவுடன் "தமிழ்" என்று சொல்லுங்கள், பொறுத்திருங்கள், தமிழ் தெரிந்தவர் வருவார்.